சாக்ஸுக்குள் கடலை மிட்டாய்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 17 வயது. வியாசர்பாடி. கால்பந்தில் லெஃப்ட் விங். 2 வருடமாக டைப் 1 சர்க்கரை, தினமும் 4 ஊசி. ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் கூட வருவார். ‘வெளிய தெரிஞ்சா யாரு கட்டிப்பான்’ என்று அப்பா கோச்சிடம்கூடச் சொல்ல விடவில்லை. போன வாரம் மேட்சில் சர்க்கரை இறங்கி, லோ ஆகி உட்கார்ந்துவிட்டேன். நடிக்கிறேன் என்றார்கள். சாக்ஸுக்குள் ஒளித்திருந்த கடலை மிட்டாயை யாரும் பார்க்காமல் தின்றேன். இப்போது அப்பா ஆட்டத்தையே விடச் சொல்கிறார். ‘உங்க வம்சத்துல வந்தது’ என்று அம்மாவோடு தினம் சண்டை. பெயர் போடாதீர்கள்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கடலை மிட்டாயை விடு. கடலையில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். லோவுக்கு வேண்டியது வெறும் சர்க்கரை, 15 கிராம். குளுக்கோஸ் பொடி, இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்த 3 ஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. சாயங்காலம் ஆடியதற்கு நடுராத்திரியில்கூட சர்க்கரை இறங்கும். ஆட்ட நாளில் டோஸ் எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். நீயாக ஊசியை நிறுத்தாதே.

ராயபுரத்தில் எங்கள் டீமில் ஒருவனுக்கு வலிப்பு. வீட்டில் மூடி மறைத்துவிட்டார்கள். ஒருநாள் கோல் போஸ்ட் அருகே விழுந்தான். ஆளாளுக்குச் சாவிக்கொத்து தேடி ஓடினோம். அவன் தலை போஸ்ட் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. பிழைத்துவிட்டான். புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கோச்சிடம் சொல்லிவிடு. அப்பாவிடம் அனுமதி கேட்காதே, சொல்லிவிட்டேன் என்று சொல். 17 வயதில் என்ன கல்யாணக் கணக்கு என்று எனக்குக் கோபம் வருகிறது, அது கிடக்கட்டும். தேசிய அளவுக்குப் போனால் எப்படியும் மறைக்க முடியாது: இன்சுலின் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, மருத்துவ விலக்கு வாங்கித்தான் ஆட வேண்டும்.

அடுத்த செக்கப்புக்கு அம்மாவுக்குப் பதில் அப்பாவைக் கூட்டிப் போ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது இது. வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. இதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். நீ சொன்னால் அம்மா பக்கம் பேசுவதாகத்தான் படும். போகிற வழியில் 1999 சேப்பாக்கம் டெஸ்டை ஞாபகப்படுத்து. 12 ரன்னில் நாம் தோற்றும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியதே, அந்தப் பாகிஸ்தான் டீமின் கேப்டன் வாசிம் அக்ரமுக்கு அப்போதே சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டு 2003 உலகக் கோப்பை வரை பந்து வீசினார்.

உன் டீமில் ஒருத்தியிடமாவது குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடு. இன்னொரு பாக்கெட்டை நீ ஓடும் பக்கம் கோட்டோரமாக வை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது மறக்காமல் அதையும் மாற்றிக்கொள்.