கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் நிரல்) ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிறது. கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தோடு அதை இணைக்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அலுவலகத்தில் எல்லோரும் கீபாஸ்எக்ஸ்சி வைத்திருக்கிறார்கள். புஷ் செய்யும்போதெல்லாம், அதாவது கோடை சர்வருக்கு அனுப்பும்போதெல்லாம், அதைத் திறந்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் செல்லும் டோக்கனைக் காப்பி எடுத்து, டெர்மினலில் ஒட்டுகிறார்கள். ஒரே கணினியில், கோடை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பின் இரண்டு கணக்குகள் இருப்பதால் அவை அடிக்கடி மோதிக்கொள்கின்றன.

இணைக்க முடியும். நினைப்பதைவிட வேலையும் குறைவு.

நான் காரைக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கடையில் இருக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறவர்கள், கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறவர்கள் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் சுற்றுவட்டாரம்தான். அவர்களில் சிலர், “கோடு எங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்” என்பார்கள். அதனால் ஒரே கணினியில் பல கணக்கு என்பது எங்களுக்கு அன்றாடப் பாடு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிட் தானாக எந்தப் பாஸ்வேர்டையும் வைத்துக்கொள்வதில்லை. 2012-இல் வந்த 1.7.9 பதிப்பிலிருந்து, அந்த வேலையை ‘கிரெடென்ஷியல் ஹெல்பர்’ என்ற வெளி நிரலிடம் விட்டுவிட்டது. எச்டிடிபிஎஸ் வழியாகப் புஷ் செய்தால், கிட் அந்த ஹெல்பரைக் கூப்பிட்டு முக்கியமாக இரண்டு வரி சொல்லும்: புரோட்டோகால் இன்னது, ஹோஸ்ட் இன்னது. அப்புறம் ஒரு வெற்று வரி. பதிலுக்கு ஹெல்பர் யூசர்நேம் ஒரு வரி, பாஸ்வேர்டு ஒரு வரி என்று கொடுக்க வேண்டும். இது ‘கெட்’. சர்வர் ஏற்றுக்கொண்டால் ‘ஸ்டோர்’ என்று சொல்லிச் சேமிக்கச் சொல்லும். மறுத்தால் ‘எரேஸ்’ என்று சொல்லி அழிக்கச் சொல்லும். மொத்தப் பேச்சுவார்த்தையே இவ்வளவுதான். இந்த மூன்று சொல்லுக்குப் பதில் சொல்லத் தெரிந்த எந்தப் பெட்டகத்தையும் கிட்டோடு சேர்க்கலாம். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தாலும் போதும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘எரேஸ்’ வந்தால் எதுவும் செய்யாமல் விடுங்கள். சர்வர் பக்கம் ஏதோ கோளாறில் 401 (உள்நுழைவு ஏற்கப்படவில்லை என்ற பதில்) வந்தால்கூட கிட் ‘எரேஸ்’ சொல்லிவிடும். நாலு பேர் பகிர்ந்து வைத்திருக்கும் பெட்டகத்திலிருந்து நல்ல டோக்கன் காணாமல் போகும். யார் அழித்தது என்று அலுவலகம் முழுக்க விசாரணை நடக்கும்.

சரி, எந்த ஹெல்பர்? ‘ஸ்டோர்’ என்ற பெயரிலேயே ஒரு ஹெல்பர் கிட்டோடு வருகிறது. இணையத்தில் பாதிப் பதில்கள் அதைத்தான் சொல்லும், ஒரே வரியில் வேலை முடிகிறதே. அது உங்கள் டோக்கனை ஹோம் ஃபோல்டரில் ஒரு கோப்பில் அப்பட்டமாக எழுதி வைக்கும். கீபாஸ்எக்ஸ்சி வைத்திருக்கிறவர் அதைப் போடுவதில் அர்த்தமே இல்லை. ‘கேஷ்’ பரவாயில்லை, நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். சும்மா விட்டால் 900 விநாடியில், அதாவது கால் மணி நேரத்தில், மறந்துவிடும். லினக்ஸ் சர்வரில் அவ்வப்போது புகுந்து வேலை பார்க்க அது ஏற்றது.

விண்டோஸில் கிட்டை நிறுவும்போதே ‘கிட் கிரெடென்ஷியல் மேனேஜர்’ கூடவே வந்துவிடுகிறது. பிரவுசரைத் திறந்து உள்நுழையச் சொல்லும், இரட்டைச் சரிபார்ப்பும் அதிலேயே முடியும், கிடைத்ததை விண்டோஸின் பெட்டகத்தில் பூட்டி வைக்கும். விண்டோஸ்காரர்களுக்கு என் யோசனை, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இல்லை, கீபாஸ்எக்ஸ்சிதான் வேண்டும் என்றால் ‘கிட்-கிரெடென்ஷியல்-கீபாஸ்எக்ஸ்சி’ என்று தனி நிரல் ஒன்று இருக்கிறது. பிரவுசர் நீட்சி கீபாஸ்எக்ஸ்சியோடு பேசுகிற அதே வழியில் இதுவும் பேசும். மேக்கில் கீசெயின் ஹெல்பர் இருக்கிறது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

லினக்ஸில்தான் உங்கள் கேள்விக்கு அழகான பதில் கிடைக்கிறது. கீபாஸ்எக்ஸ்சியின் அமைப்புகளில் ‘சீக்ரெட் சர்வீஸ் இன்டக்ரேஷன்’ என்று ஒரு பகுதி உண்டு. லினக்ஸில் நிரல்கள் பாஸ்வேர்டுகளைக் கேட்டுப் பெறும் பொது வழிதான் சீக்ரெட் சர்வீஸ். அதை இயக்கி, எந்தக் குழுவை வெளியே காட்டலாம் என்பதையும் தேர்ந்தெடுங்கள். கிட்டுக்கென்று தனிக் குழு ஒன்று போடுவது நல்லது, வங்கிப் பாஸ்வேர்டு இருக்கும் குழுவைக் காட்டிவிட வேண்டாம். பிறகு கிட்டின் ஹெல்பராக, அந்த வழியில் பேசும் ‘லிப்சீக்ரெட்’ என்பதை வையுங்கள். சில உபுண்டு பதிப்புகளில் அது மூலக்கோடாக மட்டும் வரும், ‘மேக்’ என்ற கட்டளையை ஓட்டி நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அல்லது கிட் கிரெடென்ஷியல் மேனேஜரை நிறுவி, அதன் கிரெடென்ஷியல் ஸ்டோரை ‘சீக்ரெட்சர்வீஸ்’ என்று அமைக்கலாம். லினக்ஸில் அது தானாக எந்தச் சேமிப்பிடத்தையும் எடுத்துக்கொள்ளாது, நாம்தான் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் “வேலை செய்யவில்லை” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இதில் ஒரு முடிச்சு: சீக்ரெட் சர்வீஸ் என்ற பெயரில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பதில் சொல்ல முடியும். க்னோம் டெஸ்க்டாப்பில் அதன் சொந்தப் பெட்டகமான க்னோம் கீரிங் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்திருக்கும். அதை நிறுத்தினால்தான் கீபாஸ்எக்ஸ்சி உள்ளே வரும்.

இனி இரண்டு கணக்கு விவகாரம். எங்கள் ஊர் வளவு வீடுகளில் முகப்புக் கதவு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான குடும்பத்துக்கும், தனி அறை, தனிப் பூட்டு. கிட் இயல்பாக முகப்பைத்தான் பார்க்கும், உள் அறையைப் பார்க்காது. அதாவது ஹோஸ்டின் பெயரை மட்டும் ஹெல்பரிடம் சொல்லும், ரெப்போவின் (ஒரு திட்டத்தின் கோடு இருக்கும் இடம்) பாதையைச் சொல்லாது. கிட்ஹப் என்றதும் பல ஹெல்பர்கள் கையில் கிடைத்த முதல் டோக்கனை நீட்டிவிடும். அது உங்கள் சொந்த டோக்கனாக இருந்தால், வாடிக்கையாளரின் பிரைவேட் ரெப்போவுக்கு “அப்படி ஒரு ரெப்போவே இல்லை” என்று கிட்ஹப் சொல்லும். அனுமதி இல்லை என்று சொன்னாலாவது புரியும்!

எளிய தீர்வு, ரிமோட் முகவரியிலேயே (சர்வரில் ரெப்போ இருக்கும் முகவரி) யூசர்நேமை எழுதிவிடுவது. ஹோஸ்டுக்கு முன்னால் யூசர்நேமும் ஒரு அட் குறியும், அவ்வளவுதான். அப்போது கிட் ஹெல்பரிடம் யூசர்நேமையும் சேர்த்தே சொல்லும், ஹெல்பர் சரியான டோக்கனை எடுத்துத் தரும். ‘யூஸ்எச்டிடிபிபாத்’ என்ற அமைப்பை இயக்கினால் பாதையும் சேர்ந்து போகும். ஆனால் ரெப்போ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உள்நுழைய வேண்டிவரும். பத்துப் பதினைந்து ரெப்போ வைத்திருக்கிறவருக்கு அது தலைவலி. நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

எங்கள் கடையில் வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர். கிட் கான்ஃபிக்கில் ‘இன்க்ளூட்இஃப்’ என்ற வசதியால், அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ரெப்போக்களுக்கு மட்டும் தனி அமைப்புக் கோப்பு படிக்கப்படும். அதில் யூசர்நேமும், கமிட்டில் (பதிந்துவைக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும்) பதிய வேண்டிய பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே விடலாமா என்பதைத் தீர்மானிப்பது டோக்கன். கமிட்டில் யார் பெயர் விழும் என்பது வேறு அமைப்பு. டோக்கன் சரியாக இருந்தும் டைல்ஸ் கடைக்காரரின் ரெப்போவில் உங்கள் சொந்த மின்னஞ்சல் பதிந்திருந்தால் காரணம் இதுதான்.

ஒருவேளை எல்லாம் அமைத்த பிறகும் பழைய டோக்கனே வருகிறதென்றால், ஹெல்பர் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் நிறுவி சிஸ்டம் அளவில் (கணினி முழுமைக்கும்) ஒன்றை எழுதியிருக்கும், நீங்கள் குளோபல் அளவில் (உங்கள் லாகினுக்கு) இன்னொன்றைச் சேர்த்திருப்பீர்கள். பதில் கிடைக்கும்வரை கிட் அவற்றை வரிசையாகக் கேட்கும். சேமிக்கும்போதும் இரண்டிடமும் கொடுக்கும். ஆக, எப்போதோ போட்ட ‘ஸ்டோர்’ எங்காவது மிச்சமிருந்தால், பெட்டகத்தில் பூட்டியதாக நீங்கள் நினைக்கும் டோக்கன் அப்பட்டமான கோப்பிலும் உட்கார்ந்திருக்கும். கிட் கான்ஃபிக்கை ‘ஷோ-ஆரிஜின்’, ‘கெட்-ஆல்’ என்ற தேர்வுகளோடு ஓட்டினால் எந்த ஹெல்பர் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டிவிடும். உங்கள் கோப்பில் முதலில் ஒரு வெற்று ஹெல்பர் வரி போட்டால் அதுவரை சேர்ந்த பட்டியல் காலியாகும். அதற்கடுத்த வரியில் உங்களுக்கு வேண்டியதை எழுதுங்கள்.

சோதித்துப் பார்க்க ‘கிட் கிரெடென்ஷியல் ஃபில்’ என்று ஓட்டி, புரோட்டோகாலையும் ஹோஸ்டையும் அடித்து, ஒரு வெற்று வரி விடுங்கள். ஹெல்பர் என்ன தருகிறது என்பது அப்படியே தெரியும். பாஸ்வேர்டும் திரையில் தெரியும், ஆகவே ஸ்கிரீன் ஷேர் ஓடும்போது வேண்டாம்.

பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கிட்ஹப் பாஸ்வேர்டையே கொடுத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு கிட்ஹப் அதை நிறுத்திவிட்டது. டோக்கன்தான் செல்லும். கையால் டோக்கன் உருவாக்குவதாக இருந்தால், குறிப்பிட்ட ரெப்போவுக்கு மட்டும், காலாவதித் தேதியோடு எடுங்கள்.

கிட்டைப் புதுப்பித்து வைப்பதும் இதில் சேர்த்திதான். பேச்சுவார்த்தை வரிவரியாக நடக்கிறது என்றேன் அல்லவா? முகவரிக்குள் ஒரு புதுவரிக் குறியை ஒளித்துவைத்தால், ஒரு ஹோஸ்டின் டோக்கனை வேறு ஹோஸ்டுக்குக் கொடுக்க வைக்க முடியும் என்று 2020 ஏப்ரலில் தெரியவந்து திருத்தினார்கள். அதே குடும்பத்து ஓட்டைகள் சில 2025 ஜனவரியிலும் அடைக்கப்பட்டன. முன்பின் தெரியாத ரெப்போவை, அதிலும் சப்மாட்யூல்களோடு (உள்ளே இணைத்த வேறு ரெப்போக்கள்), பழைய கிட்டில் குளோன் செய்ய, அதாவது நகலெடுக்க, வேண்டாம்.

இன்டர்ன்ஷிப் மாணவர்கள் வந்து உட்காரும் கணினி என்றால், அவர்களுக்கு விண்டோஸிலேயே தனி லாகின் கொடுங்கள். பெட்டகம் அந்த லாகினுக்குச் சொந்தமானது. உங்கள் லாகினில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் உங்கள் பெயரில் புஷ் செய்ய முடியும், கிட் ஒரு வார்த்தை கேட்காது.

தளம் ஓடும் சர்வரில் இந்த இணைப்பு எதையும் வைக்க வேண்டாம். அங்கே அந்த ரெப்போவை மட்டும் படிக்கக்கூடிய ‘டிப்ளாய் கீ’ என்ற தனிச் சாவி ஒன்று போதும்.