அமெரிக்காவில் பல ஊர்களில் ஆம்புலன்ஸைத் தீயணைப்புத் துறையே நடத்துகிறதாமே, ஏன்? நீலகிரி மாதிரி மலைப்பகுதிக்கு அது ஒத்துவருமா?

பெருநகரத்தைப் பொறுத்தவரை காரணம் நேரம்தான். இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் துடிப்பைச் சீராக்கும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அவ்வளவு சீக்கிரம் யாரால் போய்ச் சேர முடியும்? தீ பரவுவதற்குள் எந்தத் தெருவுக்கும் போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, பேட்டைக்குப் பேட்டை நிலையம் வைத்து, இரவு பகலாக ஆட்கள் தயாராக இருக்கும் ஒரே துறை தீயணைப்புத் துறை.

அமெரிக்காவிலும் ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை. 1960கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் இறுதிச்சடங்கு நிறுவனத்தார். படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1970இல் சியாட்டிலில் லெனார்ட் காப் என்ற மருத்துவரும் கோர்டன் விக்கரி என்ற தீயணைப்புத் தலைவரும் சேர்ந்து, தீயணைப்பு வீரர்களுக்கே இதயச் சிகிச்சைப் பயிற்சி கொடுத்து வண்டியில் அனுப்பினார்கள். நியூயார்க்கில் மாநகர மருத்துவமனைக் கழகத்திடம் இருந்த ஆம்புலன்ஸ் சேவை 1996இல்தான் தீயணைப்புத் துறைக்கு வந்தது. இன்றும் அங்கே மருத்துவமனைகளின் சொந்த ஆம்புலன்ஸ்களும் அதே 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புக்குத்தான் ஓடுகின்றன. பாஸ்டனிலும் லண்டனிலும் ஆம்புலன்ஸ் தனித் துறை.

குறைகளும் உண்டு. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. தீயை விட நோயாளிகளுக்காகவே வண்டிகள் அதிகம் ஓடுகின்றன. ஆனாலும் நியூயார்க்கில் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் சம்பளம் தீயணைப்பு வீரர்களின் சம்பளத்தை விடக் குறைவு. அதற்காகப் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். இரண்டு துறைகளை ஒன்றாக்கும்போது ஒன்று மாற்றாந்தாய்ப் பிள்ளை ஆகிவிடக் கூடாது. பணமும் ஒரு விஷயம்: அங்கே ஆம்புலன்ஸில் ஏறினால் பில் வரும், நம் 108 இலவசம்.

எனக்குப் பிடித்தது டோக்கியோவின் முறை. அங்கே தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே எண், 119. இரண்டும் ஒரே துறை. மாடியிலிருந்து நோயாளியைத் தூக்கி இறக்க வேண்டும், அல்லது இதயம் நின்றுவிட்டது என்றால் ஆம்புலன்ஸோடு தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்பு வண்டியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். தண்ணீருக்காக இல்லை, அதில் வரும் ஆட்களுக்காக.

குன்னூரில் வாழ்கிற எனக்கு அதன் அருமை நன்றாகப் புரிகிறது. எங்கள் அத்தை இருந்தது எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஒரு மழை இரவில் மூச்சுத் திணறல். 108 சொன்னபடி வந்தது, ஆனால் தேயிலை ஃபேக்டரி வரைதான் ரோடு. அதற்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கும் ஒற்றையடிப் பாதை. வண்டியில் வந்தது பைலட்டும் (108 ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) மருத்துவ உதவியாளரான ஒரு பெண்ணும்தான். அந்தப் பெண் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அத்தையை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளியால் கட்டி, லைன் ஆட்கள் தூக்கினோம். பத்தடிக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும். அந்தப் பெண் ஒரு கையில் மாஸ்க்கைப் பிடித்தபடி இன்னொரு கையால் நாற்காலிக் காலையும் தாங்கினார். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் சுமை தூக்கப் பழகிய நாலு பேர் கூட வந்திருந்தால், அந்தப் பெண்ணின் இரண்டு கையும் நோயாளிக்கே இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008இல். அது நம் ஊருக்கு எவ்வளவு பெரிய வரம் என்று எஸ்டேட் ஜனங்களைக் கேட்டால் தெரியும். அதைப் பிடுங்கித் தீயணைப்புத் துறையிடம் கொடுக்க வேண்டியதில்லை, அந்தத் துறை துணைக்கு வந்தால் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாவற்றிலும் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' இருக்கிறது. 2021 டிசம்பரில் குன்னூர் பக்கத்து நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது, வண்டி போக வழியில்லாத அந்த இடத்தில் ஊர் மக்கள் கொடுத்த கம்பளிகளில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். 2023 செப்டம்பரில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்தபோதும் இதே கதைதான்: பள்ளத்திலிருந்து ரோடு வரை கைகள் வேண்டும், ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஆம்புலன்ஸ் வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மலையில் இருக்கும் ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் மின்னதிர்ச்சிக் கருவி, ஆக்ஸிஜன், மடக்கும் ஸ்ட்ரெச்சர் இருக்கட்டும். வீரர்களுக்கு முதலுதவிப் பயிற்சி முழுமையாகக் கிடைக்கட்டும். 108க்கு அழைப்பு வரும்போது, நோயாளி ரோட்டுக்குக் கீழே இருக்கிறார் என்று தெரிந்தால் அங்கிருந்தே தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் போகட்டும். மே மாத சீசனில் மலைப்பாதையில் பர்லியாரிலிருந்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது ஆம்புலன்ஸ் எங்கே சிக்கினாலும், பக்கத்து நிலையத்து ஆட்கள் முன்னாடியே போய்ச் சேரலாம்.

அது வரும்வரை மலையில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். 108ஐக் கூப்பிடும்போது எஸ்டேட் பெயர், டிவிஷன், வண்டி எதுவரை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளியைத் தூக்கி வர வேண்டிய இடம் என்றால் தீயணைப்புத் துறையின் 101க்கும் ஒரு போன் போடுங்கள். டார்ச்சோடு ஒருவரை ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.