மருமகன் கொண்டுவரும் ஹீட் பம்ப்

கேள்வி: கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் சொந்த வீடு. வீட்டைச் சூடாக்கும் ஒன்பது வருசப் பழைய காஸ் பேர்னஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. அக்காவின் மகன் ஹீட் பம்ப் விற்கிறார்; கரண்டில் ஓடி, வெளிக்காற்றில் உள்ள சூட்டை வீட்டுக்குள் இழுத்துத் தரும் இயந்திரம். "காஸைவிட மலிவு மாமா, மாதம் 129 டொலர் வாடகை, பத்து வருச ஒப்பந்தம், கைக்காசு ஒரு சதமும் வேண்டாம்" என்கிறார். அவர் சொல்லித்தான் சுடுதண்ணீர்த் தாங்கியும் தண்ணீர் வடிகட்டியும் வாடகைக்கு எடுத்தேன். இரண்டுக்கும் மாதம் 87 டொலர். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார். மறுத்தால் அக்கா கோபிப்பா. என்ன செய்ய?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பில்களின்படி, எல்லாக் கட்டணமும் சேர்த்து காஸ் கனமீட்டருக்கு ஏறத்தாழ 40 சதம், கரண்ட் யூனிட்டுக்கு 14 சதம். ஒரு கனமீட்டர் காஸ் நல்ல பேர்னஸில் சுமார் 10 யூனிட் சூடு தரும். அப்படியென்றால் ஒரு யூனிட் சூட்டுக்கு 4 சதம். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டை வாங்கிக்கொண்டு, குளிர்காலச் சராசரியாக 2.7 யூனிட் சூடு தருகிறது என்று வைப்போம்; 5 சதத்துக்குச் சற்று மேலே வரும். வருசம் 2,000 கனமீட்டர் எரிக்கிறீர்கள். காஸில் 800 டொலர், ஹீட் பம்பில் ஏறத்தாழ 1,040.

மருமகன் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன். 2025 மார்ச் வரை காஸ் மீது கனமீட்டருக்கு 15.25 சதம் கார்பன் வரி இருந்தது. அதோடு பார்த்தால் காஸ் சூடு ஐந்தரை சதம், அவர் சொல்வது சரி. ஏப்ரல் 1இலிருந்து அந்த வரி இல்லை. பேஸ்போர்ட் ஹீட்டர், அதாவது சுவரடியில் பொருத்திய கரண்ட் ஹீட்டர், வைத்திருப்பவர் கேட்டிருந்தால் ஹீட் பம்ப் போடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அவருக்கு 2,800 டொலர் 1,040 ஆகிவிடும். அவரையும் வாடகைக்கு எடுக்காமல், காசு சேர்த்து வாங்கத்தான் சொல்வேன்.

எனக்குக் கவலை உங்கள் வாடகைப் பழக்கத்தில். 87 டொலர் வருசத்துக்கு 1,044. வீடு முழுக்கச் சூடாக்கும் காஸைவிட, ஒரு தாங்கிக்கும் வடிகட்டிக்கும் கூடக் கொடுக்கிறீர்கள்! இப்போது 129ஐப் பத்து வருசத்துக்குப் பெருக்குங்கள்: 15,480, வரி தனி. ஒப்பந்தத்தில் வருசாவருசம் வாடகை ஏறும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா, பாருங்கள். இப்படியான ஒப்பந்தங்களைக் கம்பனிகள் வீட்டின் நிலப்பதிவில் கடன்போல ஏற்றுவதை ஒன்ராறியோ அரசு 2024இல் தடைசெய்தது நல்ல காரியம். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவர் ஏற்க மறுத்தால் மிச்சத்தை நீங்கள்தான் கட்டவேண்டும்.

ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே அக்காவுக்குப் போன் எடுங்கள். "பேர்னஸ் பழுதாகும்போது உங்கள் மகனிடமே விலை கேட்கிறேன், இப்போது வேண்டாம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மருமகன் வாயால் கேட்டால்தான் அவவுக்கு மனம் நோகும். தப்பித்தவறிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம், எழுத்தில் அனுப்புங்கள்.

பிறகு அந்த இரண்டு வாடகைக் கம்பனிகளிடமும், இப்போதே முழுதாக வாங்கிக்கொள்ள எவ்வளவு என்று கேளுங்கள். முதலில் வடிகட்டிக்கு.