எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்குக் கோடையில் இயற்கைப் பாதுகாப்புப் பணி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது. நியூ ஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பறவைகள் என்றால் அவளுக்கு உயிர். இந்தக் கோடை விடுமுறையில் இயற்கைப் பாதுகாப்பு இன்டர்ன்ஷிப் ஒன்றில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெளிநாட்டுக் கடற்கரையில் இரண்டு வாரம் ஆமைகளைப் பாதுகாக்கும் பயணத் திட்டம் ஒன்றின் விளம்பரம் வந்தது. கட்டணம் 5,000 டாலருக்கு மேல். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கைகொடுக்கும் என்கிறார்கள். நாங்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். அவள் இருப்பது எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா). எதில் சேர்க்கலாம்? வெயிலிலும் புதரிலும் ஆபத்து வராதா? – ஒரு வாசகி

பதில்: முதலில் விசாவைப் பார்த்துவிடுவோம். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் வேலை செய்ய முடியாது. சம்பளம் இல்லை, வெறும் ‘ஸ்டைபெண்ட்’ (சிறு உதவித்தொகை) தான் என்று சொன்னாலும் அது ஊதியமாகக் கருதப்படலாம். அதனால் இந்த வயதினருக்கென்றே அமைந்த யூத் கன்சர்வேஷன் கோர் திட்டம் இப்போதைக்கு உங்கள் மகளுக்கு இல்லை. 1970-ல் சட்டமான திட்டம் அது. 15 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் தேசியப் பூங்காக்களிலும் காட்டுயிர் சரணாலயங்களிலும் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். இடையில் கார்டு வந்துவிட்டால், ஜனவரியிலிருந்தே அருகிலுள்ள பூங்காக்களின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு பூங்காவும் தனித்தனியாக ஆள் எடுக்கிறது. பல இடங்களில் குலுக்கல் முறைதான் என்பதால் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இப்போது திறந்திருக்கும் வழி தன்னார்வப் பணி. இங்கே பலர் சறுக்குகிறார்கள். சம்பளம் வாங்காமல் எங்கே வேலை செய்தாலும் அது தன்னார்வப் பணி ஆகிவிடாது. லாப நோக்குள்ள நிறுவனத்தில் ‘சம்பளமில்லா இன்டர்ன்’ என்று சேர்ந்து, வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் செய்தால் குடியேற்றச் சட்டப்படி அது வேலையாகவே பார்க்கப்படலாம். அரசுப் பூங்கா, சரணாலயம், பதிவு பெற்ற அறக்கட்டளை ஆகியவற்றின் தன்னார்வப் பிரிவோடு நின்றுகொள்ளுங்கள். பணமோ பணத்துக்கு ஈடான எதுவுமோ தரப்படாது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உங்கள் கிரீன் கார்டு வழக்கறிஞரிடம் அதை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஆமைத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எச்-4-ல் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே போனால், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும் பட்சத்தில், பெரும்பாலும் தூதரகத்தில் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். ஆகஸ்டில் நேர்காணல் தேதி கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் பள்ளி திறந்துவிடும். விசா சரியாக இருந்தாலும் கல்லூரிக் கணக்கு எடுபடாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துதான் இடம். அதோடு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரு வருடம் தொடர்ந்து சனிக்கிழமை காலைகளில் வேலை செய்த பெண் அங்கே எழுதக்கூடியதை, இரண்டு வாரப் பயணி எழுத முடியாது. அதைவிட முக்கியமானது அவள் கற்றுக்கொள்வது. ஒரே புதர்க்காட்டை நான்கு பருவத்திலும் பார்த்தால்தான் எது மாறுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

பறவைப் பிரியை என்றால் நீங்கள் இருக்கும் மாநிலமே பெரிய கொடுப்பினை. மே, ஜூன் மாதங்களில் டெலவேர் விரிகுடாவில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய உயர் அலை நேரங்களில் குதிரைலாட நண்டுகள் முட்டையிடக் கரையேறும். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்தெல்லாம் ஆர்க்டிக்குக்குப் பறக்கும் ரெட் நாட் பறவைகள் இங்கே இறங்கி, அந்த முட்டைகளைத் தின்று இரண்டு வாரத்தில் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு புறப்படும். நண்டு குறைந்ததால் பறவையும் குறைந்தது. 2008-ல் நியூ ஜெர்சி நண்டுப் பிடிப்பை நிறுத்தியது. 2014-ல் ரெட் நாட் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அலை புரட்டிப் போட்ட நண்டுகள் நிமிர முடியாமல் வெயிலில் காய்ந்து சாகும். அவற்றைத் திருப்பிவிடத் தன்னார்வலர்கள் குழுவாகப் போகிறார்கள். ஓட்டின் இரு பக்க ஓரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் சேதமாகும். அந்த வால்தான் அது தானே நிமிர உதவும் நெம்புகோல். இந்தப் பருவத்தில் பறவைகளுக்காகப் பல கடற்கரைகள் மூடப்பட்டிருக்கும். எனவே அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே போக வேண்டும், நீங்களாகக் காரை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இரவு வேலை என்பதால் பெற்றோரில் ஒருவரும் சேர்ந்து போவது உத்தமம்.

பள்ளி முடிந்த பிறகு, ஜூலையும் ஆகஸ்டும், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பரவும் களைகளை அகற்றும் வேலைதான். மோரிஸ் கவுண்டியில் உள்ள கிரேட் ஸ்வாம்ப் தேசியக் காட்டுயிர் சரணாலயம் போன்ற இடங்களிலும் கவுண்டி பூங்காக்களிலும் விசாரியுங்கள். விமான நிலையம் கட்டத் திட்டமிட்ட சதுப்பு நிலத்தை ஊர் மக்கள் போராடி மீட்டு, 1960-ல் சரணாலயமான இடம் அது.

களை பிடுங்குவதில் என்ன இருக்கிறது என்று மகள் முகம் சுளிக்கலாம். எதை, எப்போது, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ் ஓராண்டுப் புல். வேர் மேலாக இருக்கும், கையோடு வந்துவிடும். ஜூனில் பிடுங்கினால் மண்ணில் கிடக்கும் விதைகள் மறுபடி முளைக்கும். செப்டம்பரில் பிடுங்கினால் விதை உதிர்ந்துவிடும். பூக்கும் முன்னே, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும். விதை பல வருடம் உறங்கும் என்பதால் அடுத்தடுத்த வருடமும் அதே இடத்துக்கு வர வேண்டும். ஜப்பானிய நாட்வீட் நேர் எதிர். அதைப் பிடுங்கினால் மண்ணில் தங்கும் சிறு கிழங்குத் துண்டும் புதுச் செடியாகும். தண்டை வெட்டி ஓடைக்கரையில் போட்டால் வெள்ளம் அதைக் கீழே கொண்டுபோய் நட்டுவிடும். ஆர்வக்கோளாறில் இப்படிப் பரப்பிவிட்டுப் போன குழுக்கள் உண்டு. ஆகவே மேற்பார்வையாளர் செடியைக் காட்டிச் சொல்லும் வரை கை வைக்கக் கூடாது.

ஆபத்து பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நியூ ஜெர்சியில் முதல் கவலை உண்ணி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருக வேண்டும். உடுப்புக்கும் காலணிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து, காய்ந்த பிறகு அணிய வேண்டும். அது துணிக்கு மட்டும், தோலில் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை அண்டவிடாதீர்கள், அதற்கு நஞ்சு. வீடு திரும்பியதும் துணியை நேராக உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் 10 நிமிடம் ஓட்டிவிட்டு, குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். லைம் நோய்க் கிருமி பரவ உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அன்றன்றைய சோதனைதான் உண்மையான காப்பு.

தொட்டால் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரவைக்கும் பாய்சன் ஐவிச் செடியின் எண்ணெய் கையுறையிலும் கருவியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பட்ட இடத்தை உடனே சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், கருவிகளையும்தான். வெயிலில் 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பழக்கமில்லாத உடம்பு முதல் நாளே முழு நேரம் வெயிலில் நின்றால் மயங்கும். முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் கூட்டுவது என்பது வெயில் வேலைக்குச் சொல்லப்படும் அளவு. குழுத் தலைவர் அப்படி ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். கணுக்காலை மூடும் காலணியை இரண்டு வாரம் முன்பே வாங்கி நடந்து பழக்க வேண்டும். புதுக் காலணியோடு முதல் நாள் போனவளுக்கு இரண்டாம் நாள் கொப்புளம்தான் மிஞ்சும். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

சேருமுன் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை: ஒரு வயதுவந்தவருக்கு எத்தனை பிள்ளைகள்? குழுவில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார்? கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் எப்படித் தொடர்புகொள்வார்கள்? காயம்பட்டால் யார் செலவு? கூட்டரசு சரணாலயத்தில், முறையான தன்னார்வ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்குப் பணியின்போது ஏற்படும் காயத்துக்கு அரசு இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்பதால் உங்கள் சம்மதக் கையெழுத்தும் தேவை. அந்தத் தாள் கையெழுத்தாகும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய விடாதீர்கள்.

இன்னொன்றை இன்றே தொடங்கலாம். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் செயலியில் வாரம் இரண்டு நாள், ஒரே பூங்காவில், 20 நிமிடமாவது நின்று பறவைப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அரிய பறவையை மட்டும் குறிப்பது புதியவர்கள் செய்யும் தவறு. அடையாளம் தெரிந்த அத்தனை இனத்தையும், சாதாரண ராபினையும், எண்ணிக்கையோடு எழுதி ‘முழுப் பட்டியல்’ என்று குறித்தால்தான், எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்பதும் ஆய்வாளருக்குத் தகவலாகும். விண்ணப்ப மின்னஞ்சலில் அவள் இந்தப் பட்டியல்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் இரண்டு வரியில் சொல்லட்டும். மின்னஞ்சலை அவளே எழுத வேண்டும். பெற்றோர் எழுதினால் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்றே பொறுப்பாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.