கேளுங்க, மைக் ஆன்ல இருக்கு

போன மாசம் இந்தப் பக்கத்துல ஸ்லாம், அதான் மேடையில கவிதை சொல்ற போட்டி, அதப் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், நம்ம சவுத் ஆஃப்ரிக்காவுல சாட்ஸ்வொர்த்லேருந்து லெனேசியா வரைக்கும் கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், வேற வேற ஊரு. அதனால சிலத சேத்துக் கட்டியிருக்கேன், உங்க கேள்வி கொஞ்சம் மாறி இருந்தா கோச்சுக்காதீங்க.

அக்கா, எனக்கு 19 வயசு. அடுத்த மாசம் டர்பன்ல ஒரு ஸ்லாம்ல தெரியாத்தனமா பேர் குடுத்துட்டேன். ரூல்ஸ் ஒண்ணும் தெரியாது. மார்க் எப்பிடிப் போடுவாங்க? இப்பவே வயித்தக் கலக்குது. (ஃபீனிக்ஸ்)

தம்பி, பேர் குடுத்ததே பாதி வேல முடிஞ்ச மாதிரி, நிறைய பேரு அந்த லிஸ்ட்ட பாத்துட்டு பேனாவ வெச்சிட்டு டாய்லெட் பக்கம் போயிடுவாங்க, நானே போயிருக்கேன்.

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். உங்க சொந்தக் கவிதையா இருக்கணும். மூணு நிமிஷம். நடிச்சுக் காட்டக் கையில பொருள், வேஷம், வாத்தியம் எதுவும் கூடாது, உங்க குரலும் உடம்பும் மட்டும்தான். மூணு நிமிஷத்துக்கு மேல பத்து விநாடி சலுகை உண்டு, அதுக்கப்புறம் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மார்க் வெட்டுவாங்க. 3 நிமிஷம் 35 விநாடி பேசினா 1.5 போச்சு. சின்னதாத் தெரியும், ஆனா முதல் எடத்துக்கும் நாலாவது எடத்துக்கும் நடுவுல பல நேரம் அவ்வளவுதான் வித்தியாசமே இருக்கும்.

ஜட்ஜுங்க அஞ்சு பேரு, அவங்க புலவருங்க கெடையாது, அன்னைக்கு வந்த கூட்டத்துலேருந்து பிடிச்சு உக்கார வெப்பாங்க. ஒவ்வொருத்தரும் 0லேருந்து 10க்குள்ள ஒரு புள்ளி தசமத்தோட மார்க் போடுவாங்க. கூடுன மார்க்கையும் கொறஞ்ச மார்க்கையும் தூக்கிப் போட்டுட்டு நடுவுல இருக்கிற மூணையும் கூட்டுவாங்க. 7.1, 8.4, 8.0, 9.6, 7.8 வந்துச்சுன்னு வெச்சுக்க, 9.6ம் 7.1ம் அவுட், மிச்சம் 24.2. முழு மார்க் 30. உன் மாமா ஜட்ஜா உக்காந்து 10 போட்டாலும் ஒண்ணும் வேலைக்கு ஆகாதுன்றதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஊருக்கு ஊரு கொஞ்சம் மாத்துவாங்க, நடத்துறவங்ககிட்ட ஒரு வாட்டி கேட்டுக்க.

இதெல்லாம் யாரு கண்டுபிடிச்சதுன்னா மார்க் ஸ்மித்னு ஒருத்தர், சிகாகோவுல கட்டட வேல செஞ்சவரு. கவிதை வாசிக்கிற கூட்டம்னா ஜனங்க தூங்குறாங்களேன்னு, 1986 ஜூலைல க்ரீன் மில்ன்ற ஜாஸ் கிளப்ல இத ஆரம்பிச்சாரு. மார்க் போடுறது ஜனங்கள நிமிந்து உக்கார வெக்கிறதுக்கு ஒரு தந்திரம், வேற ஒண்ணும் இல்ல. உனக்கு 6 போட்ட ஆளு அன்னைக்கு காலையில ரோபோட்ல, அதான் ட்ராஃபிக் லைட்டுல, முக்கா மணி நேரம் மாட்டினவரா இருக்கலாம்.

ஒண்ணு மட்டும் செய். ஃபோன்ல டைமர் போட்டு நின்னுக்கிட்டு சொல்லிப் பாரு. உக்காந்து படிச்சா 2.40 வரும், மேடையில கைதட்டல், சிரிப்பு, மூச்சு எல்லாம் சேந்து 3.20 ஆயிடும். வீட்ல 2.30க்கு மேல போனா வெட்டு, எது அழகான வரியோ அதையே வெட்டு, பெரும்பாலும் அதுதான் கவிதைய நிறுத்தி வெச்சு கண்ணாடி பாக்குற வரி.

தங்கச்சி, எனக்கு 63. எங்கம்மா எழவு வீட்ல ஒப்பாரி சொல்லுவாங்க, எஸ்டேட்டுலேருந்து வந்த பாட்டு. எனக்கு கொஞ்சம் ஞாபகம் இருக்கு. பேத்தி ஸ்லாமுக்கு வா ஆயான்னு கூப்புடுறா. ஒப்பாரிய மேடையில சொல்லலாமா, தப்பா? (சாட்ஸ்வொர்த்)

அம்மா, உங்க கேள்விய நான் ரெண்டு நாள் பேக்ல வெச்சுக்கிட்டே சுத்தினேன்.

1860 நவம்பர் 16ந் தேதி ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிங்கள ஏத்திக்கிட்டு மெட்ராஸ்லேருந்து டர்பனுக்கு வந்துச்சு. 1911ல அந்த ஆள் ஏத்துறத நிறுத்துற வரைக்கும் 152,184 பேரு வந்தாங்கன்னு கணக்கு, அதுல பாதிக்கு மேல மெட்ராஸ்ல ஏறின சனம். பெட்டியில என்ன கொண்டு வந்தாங்களோ தெரியாது, வாயில கொண்டு வந்தது ஒப்பாரி, தாலாட்டு, தெருக்கூத்து. கூத்துக்கு நம்ம ஊர்ல சிக்ஸ் ஃபூட் டான்ஸ்னு பேரு வெச்சு இன்னும் ஆடுறாங்க. ஒப்பாரிக்கு மேடை கெடைக்கல, அது எழவு வீட்லயே தங்கிடுச்சு.

ரூல் படி பாத்தா, குரல்ல பாடுறது தப்பில்ல, வாத்தியம்தான் கூடாது. ஆனா வார்த்தை உங்களுதா இருக்கணும். அதனால அம்மா சொன்ன ராகத்தையும் அந்த 'என்னப் பெத்த தாயே'ன்னு கூப்புடுற முறையையும் வெச்சுக்கிட்டு உங்க சொந்த சேதியப் போடுங்க. ஒப்பாரியே அப்பிடிப்பட்டதுதானே, ஒவ்வொரு சாவுக்கும் அந்த எடத்துலயே புதுசா கட்டுறது, செத்தவங்க பேரு, அவங்க கட்டுன பொடவ, அவங்க போன வழி எல்லாம் உள்ள வரும். ஸ்லாம் பசங்க இப்ப கஷ்டப்பட்டுக் கத்துக்கிறத உங்கம்மா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு தரையில உக்காந்து செஞ்சிருக்காங்க. இனத்துக்கு ஒரு எடம்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல டர்பன் கேட்டோ மேனர்லேருந்து நம்ம ஆளுங்கள வீட்ட விட்டுத் தொரத்தினப்ப, அந்த வீட்டுக்கு யாராவது ஒப்பாரி வெச்சாங்களா? வெக்கலன்னா நீங்க வெய்யுங்க.

சாவு பாட்ட மங்கலமான எடத்துல சொல்லலாமான்னு உங்க வீட்ல யாராவது மூஞ்சி சுளிப்பாங்க. கோயில் ஹால்ல வேணாம், லைப்ரரியிலயோ தியேட்டர்லயோ தாராளமா சொல்லுங்க. ஜூலு ஆளுங்க இருந்தா இன்னும் நல்லது. அவங்களுக்கு இசிபோங்கோன்ற புகழ் பாட்டு பழக்கம், அதச் சொல்ற இம்போங்கி எழுந்து ராசா பேரச் சொல்லி முழங்கும்போது கூட்டம் 'முஷோ!'ன்னு பதில் குடுக்கும், நம்ம வில்லுப்பாட்டுல 'ஆமாம்' போடுற மாதிரி. தமிழ் ஒரு வார்த்தை புரியாட்டியும் அவங்களுக்கு நீங்க என்ன செய்றீங்கன்னு புரியும். 1997லேருந்து டர்பன்ல பல்கலைக்கழகக் கலை மையம் நடத்துற பொயட்ரி ஆஃப்ரிக்கா விழாவுல பல மொழிக் கவிஞருங்க ஒரே மேடையில நிக்கிறத நானே பாத்திருக்கேன், மொழிபெயர்ப்புத் தாளத் தேடி யாரும் பைய கிளறல.

பேத்திய முன் வரிசையில உக்கார வெய்யுங்க. அழுதுட்டா நிறுத்தாதீங்க, டைமர் ஓடிட்டுதான் இருக்கும்.

மேடையில ஏறினதும் கை நடுங்குது, வரி மறந்து போகுது. என்ன பண்றது? (லெனேசியா, அப்புறம் இன்னும் ஏழு பேரு)

நடுங்கட்டும். பேப்பர கையில வெச்சுக்காதீங்க, பேப்பர்தான் நடுக்கத்த பெருசாக் காட்டும், ஃபோன்ல வெச்சுக்குங்க. கவிதைய வரி வரியா மனப்பாடம் பண்ணாம வீட்டுக்குள்ள நடந்து மனப்பாடம் பண்ணுங்க, முதல் பாரா அடுப்படி, ரெண்டாவது பாரா வாசப்படின்னு. மறந்தா அந்த எடத்துக்கு மனசால நடந்து போங்க, வரி அங்கயே உக்காந்திருக்கும். மைக்க வாய்க்கு ஒரு கையகலம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல பிடிங்க, நம்ம 'ப' ஸ்பீக்கர்ல வெடி மாதிரி வெடிக்கும்.

என் தமிழ் ரொம்ப ஒடஞ்ச தமிழ், அக்கா. இந்தியாவுலேருந்து வந்தவங்க முன்னாடி பேசவே கூச்சமா இருக்கு. சுத்தமாக் கத்துக்கிட்டு அப்புறம் மேடை ஏறலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஏறாம இருக்கிறதுக்கு இதவிட நல்ல சாக்கு கெடைக்காது. நான் மொதல் மொதல்ல மேடை ஏறினப்ப டிக்‌ஷனரிய வெச்சுக்கிட்டு 'வான்முகிலே, வெண்மதியே'ன்னு ஒண்ணு எழுதிட்டுப் போனேன். அந்த ஹால்ல ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் எனக்கு இன்னும் காதுல கேக்குது. ரெண்டாவது சுத்துக்கு வேற ஒண்ணும் கையில இல்ல, அதனால எங்க ஆயா டாக்ஸிக்காரன்கிட்ட 'ரோபோட்டாண்ட எறக்கி வுடு தம்பி'ன்னு சொல்றத வெச்சு பஸ்ல கிறுக்கினத படிச்சேன். 'ஆண்ட' ஆர்க்காட்டு ஜில்லா தமிழ், 'ரோபோட்'டுன்னா ட்ராஃபிக் லைட்டு, இது நம்ம சவுத் ஆஃப்ரிக்காப் பக்கத்துப் பேச்சு, தம்பி ஒரு ஜூலு பையன். மூணு வார்த்தையில எங்க குடும்பத்தோட மொத்த வரலாறும் வந்துடுச்சு, ஹால் குலுங்கிச்சு. அன்னைக்கு வான்முகில மூட்ட கட்டிட்டேன்.

கத்துக்குங்க, வேணாம்னு சொல்லல, எதுகை மோனை தெரிஞ்சா வாய்க்கு நல்லது. ஆனா மீலி (மக்காச்சோளம்), மடும்பி (சேப்பங்கிழங்கு), லாணி (பெரிய எடத்து ஆளு) எல்லாம் கலந்து உங்க வாயில இப்ப இருக்கிற தமிழ் வேற எந்த ஊர்லயும் கெடையாது. மெட்ராஸ்லேருந்து வந்த அண்ணன் சிரிச்சா சிரிக்கட்டும், அவரால அந்த வரிய எழுத முடியாது. நம்ம நாட்டு அரசியலமைப்புலயே தமிழ மதிக்கணும்னு பேரு போட்டு எழுதியிருக்காங்க, சுத்தத் தமிழ் மட்டும்னு எழுதல.

எங்க கோயில் ஹால்ல ஒரு ஸ்லாம் நைட் நடத்தலாம்னு இருக்கோம். எங்கேருந்து ஆரம்பிக்கிறது? (டோங்காட்)

கமிட்டிகிட்டேருந்து. என்ன பேசலாம், எது கூடாதுன்னு முன்னாடியே கேட்டு, பேர் குடுக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க, ஏன்னா மூணாவது பிள்ளை மேடையில கெட்ட வார்த்தை சொன்னதுக்கு அப்புறம் செக்ரட்டரி எழுந்து லைட்ட அணைச்சா அந்தப் பிள்ளை இனிமே எழுதாது. புரட்டாசியில வெச்சீங்கன்னா சாப்பாட்டுக் கடையில பீன்ஸ் பன்னி (குடைஞ்ச ரொட்டிக்குள்ள பீன்ஸ் கறி) மட்டும்தான் விக்கும், நல்லாவே விக்கும்.

பத்து பேருக்கு மேல எடுக்காதீங்க. வரிசைய சீட்டு குலுக்கிப் போடுங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ராத்திரி ஏற ஏற மார்க்கும் ஏறும், முதல்ல வந்தவனுக்கு 7 போட்ட அதே ஜட்ஜு கடைசியில அதே மாதிரி கவிதைக்கு 9 போடுவாரு, வேணும்னு செய்றதில்ல, கை பழகிடும். அதனால போட்டியில இல்லாத ஒருத்தர முதல்ல பேச வெச்சு ஜட்ஜுங்க கைய சூடாக்குங்க, ரெண்டாவது சுத்துல வரிசையத் திருப்பிப் போடுங்க. டைம் பாக்க ஒரு கறாரான ஆளு வேணும், கணக்கு வாத்தியார் கெடைச்சா விடாதீங்க. நடத்துறவர் கவிஞரா இருந்தா அவரு நடுவுல தன் கவிதைய நுழைக்காம பாத்துக்குங்க, இது அனுபவம்.

கரண்ட்ட நம்பாதீங்க. 2023ல லோட்ஷெட்டிங், அதான் முறை வெச்சு கரண்ட்ட நிறுத்துறது, நடந்தப்ப எங்க கூட்டத்துல ஒரு பொண்ணு நடு வரியில இருக்கா, மொத்த ஹாலும் இருட்டு, மைக் செத்துப் போச்சு. அவ நிறுத்தல. ஒவ்வொருத்தரா ஃபோன் டார்ச்ச அடிச்சாங்க, அவ குரல ஏத்தி கடைசி வரிசை வரைக்கும் கொண்டு போனா. அன்னைக்கு ஜட்ஜுங்க மார்க்க இருட்டுல என்னத்த எழுதினாங்களோ, அத யாரும் கேக்கல. அதுலேருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னாடி ஆளுங்கள மைக் இல்லாம ஒரு தரம் பேச வெச்சிடுறேன்.

கவிஞருங்களுக்கு காசு குடுங்க. டிக்கெட் போட்டா அதுல ஒரு பங்கு, இல்லன்னா பஸ் காசாவது. டெக்கரேஷனுக்கு பூ வாங்குறீங்க, பேசுறவனுக்கு மட்டும் 'வாய்ப்பு' குடுக்கிறீங்களாக்கும்!

நான் ஸ்கூல் டீச்சர். 14 வயசு பிள்ளைங்களுக்கு ஒர்க்‌ஷாப் வெக்கணும், ஒரு ஐடியா சொல்லுங்க. (வெருலம்)

வீட்ல பெரியவங்க அடிக்கடி சொல்ற ஒரே ஒரு வாக்கியத்த, அவங்க சொல்ற மாதிரியே, எழுதிட்டு வரச் சொல்லுங்க. முதல் மணி நேரம் அத வெறும் வாயில சொல்லிப் பாக்கட்டும், கோவமா, ரகசியமா, கடைக்காரன்கிட்ட சொல்ற மாதிரி. அப்புறம்தான் பேனா. தமிழ்ல 250 வார்த்தைக்கு மேல போக விடாதீங்க.

இன்னொன்னு டீச்சர், இது முக்கியம். அழுகாச்சிக் கதைக்கு மார்க் கூட வரும்னு பிள்ளைங்க சீக்கிரம் கண்டுபிடிச்சிடும், அதுக்கப்புறம் வீட்ல நடந்ததெல்லாம் மேடைக்கு வரும். உங்க வகுப்புல மார்க்கே வெக்காதீங்க. 'இத யாரு கேக்கக் கூடாதுன்னு நெனக்கிறே?'ன்னு ஒவ்வொரு பிள்ளையும் தனியாக் கேளுங்க, அந்த ஆளு ஹால்ல இருப்பாருன்னா வேற கவிதை. வீடியோ எடுக்கிறதா இருந்தா பிள்ளைகிட்டயும் வீட்லயும் கேட்டுட்டு எடுங்க. ஏதாவது ஒரு பிள்ளை எழுதினது நெஜமாவே பயமா இருந்தா, கைதட்டாம ஸ்கூல் கவுன்சலர்கிட்ட கொண்டு போங்க.

எதுக்கு இவ்வளவு கத்துறாங்க? இதெல்லாம் கவிதையா? (கையெழுத்து இல்லாம வந்தது)

ஐயா, கத்துறது எனக்கும் பிடிக்காது. மெதுவா பேசி ஜெயிச்சவங்க நிறைய பேரு இருக்காங்க, வந்து கேளுங்க, ஜட்ஜ் நாற்காலி ஒண்ணு காலியா வெக்கிறேன்.

தமிழ்ல ஒரு கவிதை சொன்னேன், ஒரு ஜட்ஜு 5.8 போட்டாரு. அவருக்குத் தமிழே தெரியாதாம். இது நியாயமா, அக்கா? (சாட்ஸ்வொர்த்)

மத்த நாலு பேரு என்ன போட்டாங்கன்னு நீ எழுதல பாத்தியா. 5.8தான் கொறஞ்ச மார்க்குன்னா அது கணக்குலயே வராது, தூக்கிப் போட்டிருப்பாங்க, நீ மட்டும் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்க.

அந்தக் கவிதைய அனுப்பியிருந்தியே, படிச்சேன். நாலாவது வரியில உங்கம்மா சுகர் மில் சங்கு சத்தத்துக்கு எழுந்திருக்கிற எடம் இருக்கே, அங்க ஒரு மூச்சு நிறுத்து. அப்புறம் அந்த சங்க ஒரு தரம் நீயே ஊது, வாயாலதான், வாத்தியம் கூடாது.