மதிப்பீட்டுக் கடிதம் வந்தால் உறையை எறியாதீர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல்களைப் பற்றியவை, அதாவது 'நீங்கள் கட்ட வேண்டிய வரி இவ்வளவு' என்று திணைக்களம் தானே கணக்கிட்டு அனுப்பும் கடிதங்கள். "கடிதம் வந்துவிட்டது, இனிக் கட்டத்தானே வேண்டும்" என்ற சலிப்பு பல கடிதங்களில் தெரிகிறது. அந்தச் சலிப்பினாலேயே பலர் கட்டத் தேவையில்லாத வரியையும் கட்டியிருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம்.

நான் காட்டிய வருமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மதிப்பீடு வந்திருக்கிறது. வந்து மூன்று கிழமையாகிறது. யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய் உத்தியோகத்தரிடம் பேசினால் போதுமா? (இரும்புக் கடை உரிமையாளர், சுன்னாகம்)

போதாது. பேசுவதில் தவறில்லை, ஆனால் பேச்சுக்குப் பதிவு கிடையாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் நிருவாக மீளாய்வு, அதாவது மதிப்பீட்டை மீண்டும் பரிசீலிக்கும்படி, கோர வேண்டும். கோராவிட்டால் அந்த மதிப்பீடே இறுதியாகிவிடும். உங்களிடம் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஒன்பது நாள். இன்றிரவே எழுத உட்காருங்கள்.

"மதிப்பீடு நியாயமற்றது" என்று ஒரு வரி எழுதி அனுப்புவதால் பயனில்லை. காரணங்களை விபரமாகச் சொல்லும்படி சட்டம் கேட்கிறது. எந்தத் தொகையை ஏற்கவில்லை, ஏன், அதற்கு என்ன சான்று என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'வைகாசியில் கணக்கில் விழுந்த 8 இலட்சம் ரூபா விற்பனைப் பணம் அன்று. மைத்துனர் திருப்பித் தந்த கடன். உறுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது' என்பதுபோல எழுத வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். நீங்கள் மறுக்காத பகுதியை உடனே கட்டிவிடுங்கள். செலுத்தாத வரிக்கு மாதம் 1.5 வீதம் வட்டி ஏறும்.

இன்னொன்று: கடிதம் வந்த உறை. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த அறிவித்தலில் 3ஆம் திகதி இருந்தது. கையில் கிடைத்தது 19ஆம் திகதி என்றார். உறையில் இருக்கும் தபால் முத்திரைதான் அதற்குச் சாட்சி. அவரோ அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தார். பதினாறு நாளை அந்த அடுப்பு தின்றுவிட்டது.

அம்மாவைப் பார்க்கக் கனடா போயிருந்தேன். திரும்பி வந்தபோது 30 நாள் கடந்துவிட்டது. (கோண்டாவில்)

கதவு முழுவதும் மூடவில்லை. நாட்டில் இல்லாமை, நோய், வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காகக் காலத்தை நீடிக்கலாம். கடவுச்சீட்டில் வெளியேறிய, நுழைந்த முத்திரைகள் உள்ள பக்கங்களின் பிரதியை இணைத்து, தாமதத்துக்கான விளக்கத்தையும் மீளாய்வுக் கோரிக்கையையும் ஒன்றாகவே அனுப்புங்கள்.

அறிவித்தலில் தொகை மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. (நகைக்கடை, கஸ்தூரியார் வீதி)

இதைச் சும்மா விடாதீர்கள். எதற்காக என்று தெரியாமல் எவரும் எதையும் மறுக்க முடியாது. நீங்கள் சமர்ப்பித்த விபரத்திரட்டை (வருமானக் கணக்குப் படிவத்தை) ஏற்க மறுக்கும் மதிப்பீட்டாளர் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை 1982இலேயே பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் வழக்கில் உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அன்றைய சட்டம் வேறு என்றாலும் அந்த நியாயம் பழையதாகவில்லை. மீளாய்வுக் கோரிக்கையின் முதல் காரணமாகவே இதை எழுதுங்கள். காரணத்தைக் கேட்டுத் தனிக் கடிதமும் அனுப்பலாம். ஆனால் பதில் வரட்டும் என்று 30 நாளைக் கடத்தாதீர்கள்.

மகன் சுவிசிலிருந்து அனுப்பும் பணத்தை என் வருமானமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, பருத்தித்துறை)

நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிக்கல் இது. குடும்பச் செலவுக்குப் பிள்ளை அனுப்பும் பணம் நீங்கள் உழைத்த வருமானம் அன்று. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் வரி செலுத்துபவர்மீதே வைத்திருக்கிறது. வங்கி வழியாக வந்திருந்தால் ஒவ்வொரு தொகைக்கும் அனுப்பியவரின் பெயரோடு விபரத்தை வங்கியில் கேட்டு வாங்குங்கள். மகனிடம் ஒரு கடிதமும் பெறுங்கள். வங்கிக்கு வெளியே உண்டியல்காரர் வழியாக வந்திருந்தால் காட்டத் தாளே இராது. அதன் விலை இப்போதுதான் தெரிகிறது.

கடிதம் சிங்களத்தில் வந்தது. (கரவெட்டி)

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். மீளாய்வுக் கோரிக்கையைத் தமிழிலேயே அனுப்புங்கள், தயங்க வேண்டாம்.

மீளாய்விலும் தோற்றால்? (மானிப்பாய்)

கொழும்பிலுள்ள வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்கு 30 நாட்களுக்குள் போகலாம். அங்கே முன்பணம் உண்டு, இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம்: மதிப்பிட்ட வரியும் தண்டப்பணமும் சேர்ந்த தொகையில் 10 வீதம் கட்டினால் அது திரும்பாது, 25 வீதம் வைப்பிலிட்டால் அல்லது வங்கி உத்தரவாதம் கொடுத்தால், வென்றபின் திரும்பும். அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டப் பிரச்சினையை மட்டுமே பார்க்கும். ஆகவே பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் மீளாய்வின்போதே முன்வைத்துவிடுங்கள்.

சோலை வரி கூடிவிட்டது. இதே வழிதானா? (நல்லூர்)

இல்லை. சோலை வரி உள்ளூராட்சி சபை வீடு, காணிக்கு விதிக்கும் வரி. அதற்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் தொடர்பில்லை. அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் உங்கள் சபைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.