ஈரப்பதமானி பிழையாகக் காட்டினால் கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். வீட்டில் காளான் வித்து செய்யும் சின்ன ஆய்வுகூடம்; மட்டக்களப்புக் கடையொன்றில் 9,500 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் ஈரப்பதமானி குறைத்துக் காட்டியதால் இரண்டு தொகுதி பைகள் பூஞ்சணம் பிடித்துப் போயின. கேட்கப் போனால் கடைக்காரர் மரியாதையில்லாமல் கதைத்தாராம், இப்போது வித்தியாசக் காசைக் கட்டினால் வேறு மொடல் தருகிறேன் என்கிறாராம்.

மரியாதையை விடுங்கள், அதற்கு நீதிமன்றத்தில் விலையில்லை. காளான் அறைக்கு என்று சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினீர்களா? 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அப்போதுதான் 'தேவைக்கு உதவாத பொருள்' என்ற வாதத்தைத் தரும். நீங்களோ இணையத்தில் பார்த்த மொடலின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியில் பிழை ±3 சதவீதம் என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் '20 முதல் 80 வரை' என்று இருக்கிறது. அந்த ±3 அந்த எல்லைக்குள் மட்டும்தான், உங்கள் அறையின் ஈரப்பதமோ 90 சதவீதம்.

கையில் இருக்கும் ஒரே துருப்பு உப்புச் சோதனைதான். ஈர உப்போடு போத்தலில் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டியது 68 காட்டியிருக்கிறது, அது பெட்டியில் எழுதியதற்கே மாறு. ஆனால் அதை வாங்கிய இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டு நான்கு மாதம் அதையே பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறீர்களே! என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் விழுவது இந்தக் குழியில்தான். பழுதான குளிர்பெட்டிக்காக வழக்காடிய ஒருவரிடம் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: "பழுதென்றால் பிறகும் ஏன் அதில் மீன் வைத்தீர்கள்?" ஆள் வாயடைத்துப் போனார். தெரிந்தும் வைத்துப் பாவித்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும், திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டும்தான் கேட்கலாம். அதிலும் பைகள் போனதற்கு உங்களையே குற்றம் சொல்வார்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதும் மூன்று மாதமும் தாண்டிவிட்டது. சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போனாலும் போத்தல் படத்தை வைத்து என்ன நிரூபிப்பது? கருவி எவ்வளவு பிழையாகக் காட்டுகிறது என்று சோதித்துத் தரும் அளவுத்திருத்தச் சான்றிதழ் எடுக்கக் கொழும்புப் பக்கம் அலைய வேண்டும், 9,500 ரூபாய்க்கு!

கடைக்காரர் தருவதை வாங்குங்கள். 90 சதவீதத்தில் எவ்வளவு பிழை என்று எழுதியிருக்கும் மொடலாகப் பார்த்து, 'காளான் அறைக்கு' என்று பில்லிலேயே எழுதுவித்து, அன்றைக்கே உப்புச் சோதனை செய்யுங்கள். பிழையாகக் காட்டினால் பெட்டியில் போட்டு மூடி, அடுத்த நாளே எழுத்தில் அறிவியுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி.